என் தலையில் எழுதிய முப்பத்தேழு நிமிடங்கள்

அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அந்தத் தாளை இப்போது கேட்டாலும் வரி மாறாமல் எழுதிக் காட்டுவேன். மேலே 'கணிப்பொறி நேரப் பயன்பாடு' என்று தலைப்பு. அதன் கீழே எங்கள் நிலையத்தின் ஒவ்வொரு பிரிவும் அந்த மாதம் எத்தனை மணி நேரம் மெஷினை எடுத்துக்கொண்டது என்ற பட்டியல். முதலிடத்தில் எங்கள் பிரிவு. அதைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் கையால் எழுதியிருந்தது: 'இந்தப் பிரிவின் புரோகிராம்கள் மிக மோசமாக எழுதப்படுகின்றன. அடுத்த மாதம் முதல் இவர்களுக்கான நேரம் பாதியாகக் குறைக்கப்படும்.'

எங்கள் பிரிவில் புரோகிராம் எழுதியது ஒரே ஒருவர்தான். நான்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்துமூன்று வயது. கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்த கையோடு, மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத் தோப்புக்குள் இருந்த கடலோர ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. வீடு கூடுவாஞ்சேரி. காலையில் செங்கல்பட்டு வண்டி பிடித்து, அங்கிருந்து நிலையத்தின் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்ச் சேருவேன். வண்டி தாமதமானால் பஸ் போய்விடும். பிறகு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே ஏற்கெனவே போட்டிருக்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஊரப்பாக்கத்திலிருந்து வந்த என் கல்லூரித் தோழிகள் எல்லாரும் பட்டணத்துப் பக்கம் வேலைக்குப் போனார்கள். நான் மட்டும் எதிர்த் திசையில் போனேன். காரணம் அந்த மெஷின். கம்ப்யூட்டர் என்ற ஒன்றைத் தொட்டு வேலை செய்ய அந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு வாய்த்தது?

எங்கள் பிரிவின் வேலை அலைகளைக் கணக்கிடுவது. ஆழ்கடலில் நேராக வரும் அலை, கரையை நெருங்க நெருங்க, ஆழம் குறையக் குறைய, வளைந்து திரும்பும். எந்தக் காற்றில், எந்தப் பருவத்தில், எந்த இடத்தில் போய் அலைகள் குவிந்து மோதும் என்று அடி அடியாகப் பின்தொடர்ந்து கணக்குப் போட்டால், கரையில் எந்தப் பகுதியைக் கடல் தின்னும் என்று முன்கூட்டியே சொல்லலாம். அந்தக் கரையோரத்தில் மீனவக் குப்பங்கள் சிலவற்றுக்கு முன்னால் கருங்கல் கொட்டுவதாக அரசாங்கம் முடிவு செய்திருந்தது. எங்கே கொட்டுவது என்பதற்கு எங்கள் அறிக்கை போக வேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னால் போக வேண்டும். பாதி நேரத்தில் பாதிக் கரையைத்தான் கணக்கிட முடியும். மீதிப் பாதியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று அந்தச் சிவப்பு மைக்குத் தெரியாது.

மெஷின் பிரிவின் பொறுப்பாளர் ஐம்பதை நெருங்கியவர். எப்போதும் மடிப்புக் கலையாத சட்டை. வெளிநாட்டில் ஆறு மாதம் பயிற்சி எடுத்து வந்தவர் என்பதை அவரைப் பார்த்த ஐந்தாவது நிமிடத்தில் நமக்குத் தெரியப்படுத்திவிடுவார். நான் அந்தத் தாளைப் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கூடவே இன்னும் இரண்டு பேர்.

"என்னம்மா, பாத்தாச்சா? கோலம் போடற மாதிரி சுத்திச் சுத்தி எழுதினா மெஷின் என்ன பண்ணும்? நேரா எழுதக் கத்துக்கணும்."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. அவருக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியாது. புரோகிராம் வரிகளைத் துளையிட்டு வைத்த என் கார்டுகளில் ஒன்றைக்கூட அவர் எடுத்துப் படித்ததில்லை. கடைசி வரை படிக்கவும் இல்லை.

எங்கள் பிரிவுத் தலைவரிடம் போனேன். நல்ல மனிதர். கடலைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் மேஜையின் இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்.

"ஏம்மா, அவங்களோட நமக்கு எதுக்கு வம்பு? புரோகிராமைக் கொஞ்சம் சுருக்கிப் பாரேன்" என்றார், இழுப்பறைக்குள் பார்த்துக்கொண்டே.

சரி, என்மேல்தான் தப்பு இருக்கிறதோ என்று நானும் நினைத்தேன். இரண்டு வாரம் பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து என் புரோகிராமை வரி வரியாகக் கையால் ஓட்டிப் பார்த்தேன். பஸ்ஸிலும் பார்த்தேன், ரயிலிலும் பார்த்தேன். மோசம் என்று சொல்லும்படி எதுவும் தென்படவில்லை. கடைசியில் பழைய அச்சுத் தாள்களை எல்லாம் எடுத்துத் தரையில் பரப்பியபோதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஒரே கார்டுக் கட்டு. ஒரு திங்கட்கிழமை ஓடியது, அதே வாரம் வியாழக்கிழமை மறுபடி ஓடியது. நடுவில் ஒரு கார்டைக்கூட நான் மாற்றவில்லை. விடைகள் கடைசிப் புள்ளி வரை ஒன்றுதான். ஆனால் மெஷின் பிரிவின் தினசரிப் பட்டியலில் திங்கட்கிழமைக்குப் பத்தொன்பது நிமிடம். வியாழக்கிழமைக்கு முப்பத்தேழு நிமிடம்.

அதே வேலை. அதே விடை. பதினெட்டு நிமிடம் அதிகம். அந்தப் பதினெட்டு நிமிடத்தில் நான் என்ன கோலம் போட்டேன்?

மெஷின் அறை கண்ணாடிச் சுவருக்கு அப்பால் இருந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போக வேண்டும், அதுவும் அனுமதி இருந்தால். என்னைப் போன்றவர்கள் கார்டுக் கட்டை ஜன்னலில் கொடுத்துவிட்டு, அச்சுத் தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஜன்னலில் வாங்கிக்கொள்பவர் பகல் ஷிப்ட் ஆபரேட்டர். முப்பது வயதிருக்கும். பக்கத்துக் குப்பத்துக்காரர். அவருடைய அண்ணன்மார் இருவரும் கட்டுமரம் ஏறுகிறவர்கள். இவர் மட்டும் பி.யூ.சி. படித்து, நிலையத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, பார்த்துப் பார்த்தே மெஷினைக் கற்றுக்கொண்டவர். கடல் காற்றின் ஈரத்தில் கார்டுகள் உப்பிப்போய், அவற்றைப் படிக்கும் ரீடரில் சிக்கும்போது, அவர் ஒருவர்தான் ஒன்றும் கிழியாமல் எடுப்பார்.

அவரிடம் இரண்டு தாளையும் காட்டினேன். ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இத்தப் போய்க் கேக்கறீங்களே மேடம். வியாழக்கெயம உங்க புரோகிராம் எங்க ஓடிச்சு? சும்மா குந்திகினு இருந்தது."

"குந்திகினுன்னா?"

"மெசினு ஒரே நேரத்துல மூணு பேரு வேலைய வச்சிகினு ஓட்டுது. ஆனா கணக்குப் போடறது ஒண்ணே ஒண்ணுதானே? ஒருத்தருக்குக் கொஞ்சம் போடும், அப்புறம் இன்னொருத்தருக்குக் கொஞ்சம். பெரிய சயின்டிஸ்ட் ஒருத்தரு கீறாரே, அவரு வேலைக்கு முதல் மரியாதை. அவுரது ஓடிகினு இருந்தா உங்குளுது நிக்கும். அப்பால, உங்க புள்ளிவிவரம் கீற டேப்பு மாட்டணும். டேப்பு ஓட்டறது ரெண்டுல ஒண்ணு ரிப்பேரு. நான் அந்தாண்ட ரீடர்ல கார்டு எடுத்துகினு இருப்பேன். வந்து மாட்டற வரிக்கும் உங்க புரோகிராம் வாயப் பொளந்துகினு கெடக்கும்."

"அந்த நேரமெல்லாம்?"

"எல்லாம் உங்க தலைலதான். உள்ள போன டயமு, வெளிய வந்த டயமு. நடுவுல இன்னா நடந்ததுன்னு யாரு பாக்கறாங்க? கடியாரத்தப் பாத்து எழுதச் சொல்றாரு, எழுதறேன்."

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காத்திருக்க வைத்தது அவர்கள். காத்திருந்த நேரத்தை என் தலையில் எழுதியது அவர்கள். அதற்கு எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாது என்று ஊர் பார்க்க ஒட்டியதும் அவர்களே.

நேராகப் பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். என் புரோகிராமுக்காக, கணக்குப் போடும் அந்தப் பிராசஸர் உண்மையில் எவ்வளவு நேரம் வேலை செய்தது என்று மட்டும் அளந்து சொல்ல முடியுமா என்று கேட்டேன். மெஷினை நடத்தும் மூலப் புரோகிராமுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்கும், இல்லாவிட்டால் மூன்று பேருக்கு எப்படிப் பங்கு போடும் என்றும் சொன்னேன்.

"அதெல்லாம் உங்களுக்குத் தேவையில்லாத விஷயம்."

"கையேடு இருந்தா நானே பாத்துக்கறேன் சார்."

"கையேடு மெஷின் பிரிவுக்கு மட்டும்தான்" என்றார். அந்தக் கையேடுகள் அவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தன. பாதி இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தன.

ஆபரேட்டரின் மேஜையில் ஒரு பழைய பிரதி இருந்தது. அட்டை போயிருந்தது. முதல் சில பக்கங்களும் போயிருந்தன. நான் கேட்காமலேயே அவர் அதை மதிய இடைவேளையில் ஜன்னல் வழியாகத் தள்ளினார். "ஒண்ணரைக்குள்ள குடுத்துடணும் மேடம். அப்பதான் அவரு சாப்ட்டுட்டு வருவாரு."

ஒன்பது நாள் மதியச் சாப்பாட்டை ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டு மறு கையால் அந்தக் கையேட்டைப் பிரதி எடுத்தேன். ஏழாம் நாள்தான் தேடியது கிடைத்தது. மெஷினுக்குள்ளேயே ஒரு கடிகாரத்தை ஓட விடலாம். அதில் ஒரு பெரிய எண்ணைப் போட்டுவிட்டால், என் புரோகிராமுக்குப் பிராசஸர் வேலை செய்யும்போது மட்டும் அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். அடுத்தவருடைய புரோகிராமுக்குப் போய்விட்டால் இருந்த இடத்திலேயே நிற்கும். டேப்புக்காகக் காத்திருந்தாலும் நிற்கும். தொடக்கத்தில் போட்ட எண்ணிலிருந்து கடைசியில் மிஞ்சியதைக் கழித்தால், அதுதான் உண்மையில் நான் எடுத்துக்கொண்ட நேரம். வினாடியைப் பல்லாயிரம் துண்டாக நறுக்கியது போல அவ்வளவு நுணுக்கமாகச் சொல்லும்.

இது இத்தனை நாளும் மெஷினுக்குள்ளேயே இருந்திருக்கிறது. பூட்டிய அலமாரியில் கிடந்த கையேட்டில் எழுதியும் இருந்திருக்கிறது. திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எழுதினால் போதும் என்று இருந்துவிட்டார்கள்.

நான் புரோகிராம் எழுதிவந்த ஃபோர்ட்ரான் மொழியில் அதை நேரடியாகக் கேட்க முடியாது. மெஷினின் சொந்த மொழியில் ரூட்டீன் என்கிற ஒரு சின்னத் துணைப் புரோகிராம், இருபத்திரண்டு கார்டு, எழுதினேன். அந்த மொழி எனக்குப் புதிது. முதல் முறை ஓட்டியபோது பூஜ்யம் வந்தது. இரண்டாம் முறை, நான் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே முடித்துவிட்டேன் என்று சொல்லும்படியாக ஏதோ மைனஸ் எண் வந்தது. மூன்றாம் முறை சரியாக வந்தது. என் பெரிய புரோகிராமின் முதலிலும் முடிவிலும் நடுவில் நான்கு இடங்களிலும் அந்த ரூட்டீனைக் கூப்பிட்டு, எண்ணை அச்சிடச் சொல்லி, கட்டை ஜன்னலில் கொடுத்தேன்.

பட்டியல் கணக்குப்படி அன்று முப்பத்துமூன்று நிமிடம். பிராசஸர் எனக்காக வேலை செய்தது ஆறு நிமிடம் எட்டு வினாடி. இதே ஆறு நிமிட வேலைக்குத்தான் அந்த வியாழக்கிழமை முப்பத்தேழு என்று எழுதியிருந்தார்கள்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு வந்தது ஆத்திரம்தான். இரண்டு மாதம் தூக்கம் கெட்டு என்னையே நான் சந்தேகப்பட்டிருக்கிறேன். சாப்பாட்டு அறையில் நான் நுழைந்தால் "வழி விடுங்கப்பா, நேரமாயிடப் போகுது" என்று யாராவது சொல்வதும் மற்றவர்கள் சிரிப்பதும் வழக்கமாகியிருந்தது. அத்தனையும் ஆறு நிமிடத்துக்காக.

ஆனால் அந்தத் தாள் இன்னொன்றும் சொன்னது. அதை மறைத்தால் நான் எழுதுவதில் அர்த்தம் இல்லை. ஆறு நிமிடத்தில் நான்கு நிமிடம் ஒரே ஒரு சின்ன இடத்தில் போயிருந்தது. அலையின் நீளத்தைக் கண்டுபிடிக்கும் இடம். ஆழம் மாறாத இடத்தில்கூட ஒவ்வோர் அடிக்கும் அதே கடினமான கணக்கை மறுபடி மறுபடி போட வைத்திருந்தேன். கையால் ஓட்டிப் பார்த்தபோது அது கண்ணில் படவே இல்லை, ஏனென்றால் தப்பு ஒன்றும் இல்லை, வீண்தான். முகம் சிவக்க உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டு வைத்துக்கொண்டு அதைத் திருத்தினேன். ஆறு நிமிடம் இரண்டரை நிமிடமானது. அதைக் கண்டபோது மட்டும் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முன்பே அளந்து சொல்லியிருந்தால் முதல் வாரமே திருத்தியிருப்பேன். சிவப்பு வட்டத்தால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எங்கே போகிறது என்று ஒரு எண் சொன்னதும் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதினேன். எட்டு முறை ஓட்டியதில் பட்டியல் நேரமும் பிராசஸர் நேரமும் பக்கத்தில் பக்கத்தில். கடைசிப் பத்தியில் என் புரோகிராமில் இருந்த வீணையும் திருத்தியதையும் எழுதியிருந்தேன். பிரிவுத் தலைவர் இரண்டு பக்கத்தையும் இரண்டு முறை படித்தார்.

"எல்லாம் சரிம்மா. இந்தக் கடைசிப் பாராவை எடுத்துடேன்."

"எதுக்கு சார்? அதுவும் உண்மைதானே."

"உண்மைதான். அதைத்தான் புடிச்சுப்பாங்க."

எடுக்க மாட்டேன் என்றேன். அவர் பெருமூச்சு விட்டார். ஆனால் அன்று இழுப்பறையைத் திறக்கவில்லை. பேனாவை எடுத்து ஓரத்தில் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அதை நான் இன்றும் மறக்கவில்லை.

அடுத்த வாரம் கூட்டம். நீளமான மேஜை. எல்லாப் பிரிவுத் தலைவர்களும் இருந்தார்கள். முதல் மரியாதை பெற்ற அந்தப் பெரிய விஞ்ஞானியும் இருந்தார். என் இரண்டு பக்கத்தையும் பொறுப்பாளர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"முதல்ல, இந்த ரூட்டீனை மெஷின்ல ஓட்ட யார் பர்மிஷன் குடுத்தது?"

நான் எண்களைப் பற்றிக் கேட்பார் என்று தயாராகப் போயிருந்தேன். பர்மிஷனைப் பற்றிக் கேட்பார் என்று நினைக்கவில்லை.

"அது என் சொந்தப் புரோகிராம்தான் சார்."

"சிஸ்டம் சமாசாரம் எல்லாம் உங்க சொந்தமா? சரி, உங்க கணக்கையே பாருங்க. இங்கே ரெண்டு நிமிஷம் முப்பத்தோரு செகண்ட். இங்கே ரெண்டு நிமிஷம் முப்பத்துநாலு. அதே புரோகிராம்ங்கறீங்க. உங்க அளவுகோலே ஆடுதே?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. டேப்போ பிரின்டரோ வேலை முடிந்துவிட்டது என்று கூப்பிடும்போது பிராசஸர் கையிலிருக்கும் வேலையைச் சற்று நிறுத்திவிட்டு அதைக் கவனிக்கிறது, அந்தச் சிறு நேரம் அப்போது ஓடிக்கொண்டிருப்பவர் பெயரில் விழுந்துவிடும், அதனால்தான் இரண்டு மூன்று வினாடி வித்தியாசம் என்று சொன்னேன். மூன்று வினாடி ஆடுகிற அளவு பரவாயில்லையா, பதினெட்டு நிமிடம் ஆடுகிற அளவு பரவாயில்லையா என்றும் கேட்டேன்.

அவர் அதைக் கேட்காதவர் போலத் தாளைத் திருப்பினார். கடைசிப் பத்தியை உரக்கப் படித்தார். நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக. பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"ஆக, புரோகிராம் மோசம்னு இவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. இதைத்தானே நான் ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன்?"

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு. அப்போதுதான் எனக்கு வீட்டுப் பேச்சு வெளியே வந்துவிட்டது. அலுவலகத்தில் வார்த்தை வார்த்தையாகப் பார்த்துப் பேசுகிறவள் நான்.

"இன்னா சார் நாயம் இது? ஆறு நிமிசத்த முப்பத்தேழுன்னு எழுதினது நீங்க. என் தப்ப நான் சொல்லிட்டேன். உங்குளுத யாரு சொல்லுவாங்க?"

சிரிப்பு நின்றது. என் பிரிவுத் தலைவர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையேடு எங்கேருந்து கிடைச்சது?" என்று பொறுப்பாளர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. ஆனால் அது கண்டுபிடிக்க முடியாத ரகசியமா? ஆபரேட்டரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவர் வெறுங்காலோடு வந்து வாசலில் நின்றார்.

"ஆமா சார், நான்தான் குடுத்தேன். மேசைல சும்மாத்தான் கெடந்தது. படிக்கத்தானே பொஸ்தகம்?"

மூன்று நாளில் எனக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதியின்றிக் கணிப்பொறியின் உள்வசதிகளைப் பயன்படுத்தியது, மூத்த அதிகாரியிடம் மரியாதைக் குறைவாகப் பேசியது என்று இரண்டு குற்றம். ஆபரேட்டரை மெஷினிலிருந்து எடுத்துக் கார்டுப் பெட்டி அடுக்கும் ஸ்டோருக்கு மாற்றினார்கள். என்னால் தாங்க முடியாதது அவரை மாற்றியதுதான். மெஷினோடு மெஷினாக இருந்த மனிதரைக் கொண்டுபோய் அட்டைப் பெட்டி எண்ண விட்டார்கள்.

வீட்டில் மெமோவைப் பற்றிச் சொன்னதும் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"இன்னாடி இது? பொண்ணு பாக்க வர்ற நேரத்துல சண்டக்காரின்னு பேரு வாங்கிகினு வந்து நிக்கற?"

"நான் செஞ்சது தப்பா, சொல்லு."

அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று தெரியாது. ஆனால் நான் முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். "நிக்க வச்சிட்டு நின்னதுக்கும் சேத்து எழுதினானா?" என்றாள். பிறகு, "படுபாவி" என்றாள். அதற்கப்புறம் பெண் பார்க்க வருகிறவர்களைப் பற்றிப் பேச்சு எடுக்கவில்லை, அந்த வாரம் முழுவதும்.

மாற்றம் வந்தது என் இரண்டு பக்கத்தால் இல்லை. புதிதாக வந்த இயக்குநர் தன்னுடைய ஆராய்ச்சி ஒன்றுக்கு முதல் மரியாதையை எடுத்துக்கொண்டார். பெரிய விஞ்ஞானியின் புரோகிராம் முதல்முறையாகக் காத்திருக்கத் தொடங்கியது. மாதக் கடைசியில் அறிவிப்புப் பலகையில் முதலிடத்தில் அவருடைய பிரிவு. நேரம் இரண்டு மடங்கு. புரோகிராமில் அவர் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. அவருடைய குரல் அன்று தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. அவருக்கு யாரும் கோலத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

பத்து நாளில் சுற்றறிக்கை வந்தது. 'மெஷின் பிரிவு மேற்கொண்ட விரிவான ஆய்வின் அடிப்படையில், இனி ஒவ்வொரு புரோகிராமும் பயன்படுத்தும் பிராசஸர் நேரம் மட்டுமே கணக்கில் கொள்ளப்படும்.' கீழே பொறுப்பாளரின் கையெழுத்து. கூடவே, எல்லாரும் தங்கள் புரோகிராமில் சேர்த்துக்கொள்ள இருபத்திரண்டு கார்டு கொண்ட ஒரு ரூட்டீன். என்னுடைய இருபத்திரண்டு கார்டு. நான் எழுதியிருந்த விளக்க வரிகளில் என் பெயர் இருந்த ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, வேறொன்றைப் போட்டு எண்ணிக்கையைச் சரி செய்திருந்தார்கள்.

சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு நிர்வாக அலுவலகத்துக்குப் போய், அப்படியானால் என் மெமோவைத் திரும்பப் பெறுங்கள், ஆபரேட்டரைத் திரும்ப அனுப்புங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். மெமோ வேறு விஷயம், சுற்றறிக்கை வேறு விஷயம் என்று பதில் வந்தது. ஆபரேட்டரைத் திரும்ப அனுப்பினார்கள். நியாயத்துக்காக அல்ல. புரட்டாசியில் காற்றில் ஈரம் ஏறி, ரீடர் ஒரு நாளைக்கு நாலு முறை நின்றது. அவர் இல்லாமல் யாராலும் கார்டை எடுக்க முடியவில்லை.

எங்கள் கணக்கு முடிந்தது. புதிய முறையில் எங்களுக்குக் கொடுத்த நேரத்தில் பாதிகூடத் தேவைப்படவில்லை. முழுக் கரையையும் ஓட்டினோம். அறிக்கை மழைக்கு முன் போயிற்று. கல் வந்தது இரண்டு வருஷம் கழித்து, அதுவும் நாங்கள் கேட்டதில் பாதி தூரத்துக்கு. அந்த இரண்டு மழையில் ஆபரேட்டரின் குப்பத்தில் முன்வரிசை வீடுகள் போயின. எங்கள் அறிக்கையில் அந்த இடத்தைக் குறித்துக் கொடுத்திருந்தோம்.

பல வருஷம் கழித்து அந்தப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றார். சாப்பாட்டு அறையில் விழா. மேஜை விரிப்பு, மாலை, தட்டில் மிக்ஸர், காராபூந்தி. ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருவர், "பிராசஸர் நேரத்தை அளக்கும் முறையை நம் நிலையத்துக்குக் கொண்டுவந்தவர் இவர்தான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். அவர் தலையைக் குனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.

நான் எழுந்து நின்றேன். திட்டம் போட்டு எழவில்லை. கால் தானாக எழுந்தது.

"அந்த ரூட்டீனை எழுதினது நான். அதுக்காக எனக்கு மெமோ குடுத்தது சார். கையேடு குடுத்த ஆபரேட்டரை ஸ்டோருக்கு அனுப்பினதும் சார்தான். அந்த மெமோ இன்னும் என் ஃபைல்ல இருக்கு."

பொறுப்பாளர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் புன்னகை செய்தார்.

"ஆமாமா, இந்தப் பொண்ணும் அப்போ கொஞ்சம் உதவி பண்ணினா" என்றார். மறுபடி கை தட்டினார்கள். எனக்கும் சேர்த்து.

அந்தக் கைதட்டலைவிட மெமோவே தேவலை என்று இருந்தது. வெளியே வந்துவிட்டேன். நிலையத்தின் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் சாலை வரை நடந்தேன். ஆபரேட்டரும் பின்னாலேயே வந்து பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றார். கையில் பொட்டலம் கட்டிய மிக்ஸர்.

"நல்லாக் கேட்டீங்க மேடம்."

"என்ன கேட்டு என்ன? கொஞ்சம் உதவி பண்ணினாளாம்."

"இப்ப மன்சு ஆறிச்சா, இல்லியா?"

"இல்லை" என்றேன்.

"எனுக்கும்தான்" என்று பொட்டலத்தைப் பிரித்து என் பக்கம் நீட்டினார். நாங்கள் அதைத் தின்றுகொண்டு நின்றோம். மாமல்லபுரம் பக்கமிருந்து பஸ் வந்தது. படியில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மீன் கூடை ஒன்றை நகர்த்தி ஒரு பெண் இடம் கொடுக்க, ஏறிக்கொண்டேன்.